பின்சீற்றைக் கழற்றினால் ஒரு நாள் வேலையாம்

மானிப்பாயிலிருந்து ஒரு தம்பி கேட்டது: "அண்ணை, என்னிடம் பழைய நிசான் சன்னி கார் ஒன்று நிற்கிறது. பூக்கன்று ஏற்றி இறக்க வேண்டும் என்பதால் பின்சீற்றைக் கழற்றப் போகிறேன். ஒரு பலகையைப் போட்டு மேலே கார்ப்பெற்றை ஒட்டிவிட்டால் உள்பக்கம் வடிவாக வந்துவிடும், ஒரு நாள் வேலை என்று கராஜில் சொல்கிறார்கள். சரிதானே?"

2024 ஜனவரி 20

கழற்றுவது அரை மணித்தியாலம். மிச்ச வேலை எனக்கு எட்டு மாதமாக நடக்கிறது, இன்னும் முடியவில்லை.

என்னுடையதும் சன்னிதான், எஃப்பி 13 மொடல். 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது கொழும்பிலிருந்து நானே ஓட்டிக்கொண்டு வந்த கார். மனைவி பருத்தித்துறை வடை சுடுகிறார், தட்டையாக மொறுமொறுவென்று இருக்கிற வடை. நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக் கடைகளுக்கு வாரத்தில் நாலு நாள் பிஸ்கற் ரின்களில் அடைத்துக் கொண்டுபோகிறேன். வடை பாரமில்லை, இடம்தான் பிடிக்கும். வான் வாங்கலாமே என்று யாரும் சொல்ல வேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு ஓட்டை வானுக்குச் சொல்கிற விலையைக் கேட்டால் காது அடைக்கிறது.

கழற்றுவதில் சூட்சுமம் ஒன்றும் இல்லை. இருக்கும் மெத்தையின் முன்விளிம்பை மேலே இழுத்தால் கொளுவி விட்டுவிடும். முதுகுப் பகுதிக்கு அடியில் போல்ற் இருக்கும். அதைக் கழற்றி முழுவதையும் மேலே தூக்கினால் பின்கொக்கியிலிருந்து வந்துவிடும். எனக்கு அடியில் கிடைத்தவை: ஒரு ரூபாய்க் குற்றிகள் ஏழு, ஒரு விபூதிப் பொட்டலம், மகள் நாலு வயதில் தொலைத்துவிட்டு இரண்டு நாள் அழுத காப்பு, நல்லூர்த் திருவிழாக் கச்சான் கோது ஒரு சுண்டு. மகளுக்கு இப்போது கலியாணம் பேசுகிறோம்.

சீற் போனதும் தெரிவது பச்சைத் தகரம், வயர்க்கூட்டம், ஓட்டைகள். அதை மூடுவதுதான் வேலை என்று நானும் நினைத்தேன்.

2024 ஜனவரி 21

நேற்று முக்கியமானதை விட்டுவிட்டேன். மெத்தையை எடுத்த இடத்தில் சின்னச் சின்ன ஸ்குரூ போட்டு இறுக்கிய ஒரு தகர மூடி இருக்கும். அதற்குக் கீழேதான் பெற்றோல் தாங்கியின் வாய். பம்பும், அளவு காட்டும் முள்ளுக்குச் செய்தி அனுப்பும் மிதவையும் அந்த வழியாகத்தான் வெளியே வரும்.

நான் அந்த மூடியின் மேலேயே கம் பூசி, சணல் விரிப்பு ஒட்டி, அதன்மேல் றெக்சின் ஒட்டி, கையால் தடவித் தடவி அழகு பார்த்தேன். ஏழாவது கிழமை முள் "நிறைய இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தது, கார் கடல்நீரேரியோரம் வல்லை வெளியில் நின்றது. பின்னால் 22 ரின் வடை. அந்தக் காற்றில் போத்தலால் பெற்றோல் ஊற்றிப் பார்த்திருக்கிறீர்களா? அரைவாசி கடல்நீரேரிக்குத்தான் போனது. வீட்டுக்கு வந்து ஒட்டியதையெல்லாம் பிளேட்டால் வெட்டிக் கிழித்தேன்.

ஆகவே தம்பி, அந்த மூடிக்கு மேலே வருவது எதுவாக இருந்தாலும் கையால் தூக்கினால் வரவேண்டும். ஒட்டக்கூடாது.

2024 ஜனவரி 21, இரவு

இன்னொன்று. காரில் சீற்றின் முதுகுதான் டிக்கிக்கும் ஆட்கள் இருக்கிற இடத்துக்கும் நடுவில் சுவர். அதை எடுத்தால் டிக்கியும் உள்பக்கமும் ஒன்று. ஓடுகிற காருக்குப் பின்னால் காற்று சுழன்று புகையைத் திரும்ப இழுக்கும். டிக்கி மூடியின் றப்பர் எங்காவது வெடித்திருந்தால் அந்தப் புகை நேரே உங்கள் மூக்குக்கு. புகையிலிருக்கிற நச்சுவாயு காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. எனக்குச் சுன்னாகத்தைச் சுற்றி வந்த நாட்களில் மட்டும் தலையிடி வந்தது. வெயில் என்று நினைத்துப் பனடோல் போட்டேன். டிக்கி றப்பரைத் தடவிப் பார்த்தபோது இடது மூலையில் ஒரு சாண் நீளம் கையோடு வந்தது.

றப்பரை மாற்றுங்கோ. பிறகு சீற் முதுகு நின்ற இடத்தில் பலகையால் ஒரு தடுப்பு வையுங்கோ, விளிம்பில் ஸ்பொஞ்சுப் பட்டி ஒட்டி.

2024 ஜனவரி 28

சத்தம் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

மெத்தை வெறுமனே குந்துகிற சாமான் இல்லை. அத்தனை தடிப்பான ஸ்பொஞ்ச் தரையின் சத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. அது போனதும் கார் தவில் ஆகிவிட்டது. கோப்பாய்க்குள் பரவாயில்லை, வல்லை வெளியில் காற்றும் ரயர்ச் சத்தமும் சேர்ந்தால் பக்கத்திலிருக்கிற மனைவியுடன் கூட்டத்தில் பேசுவதுபோலக் கத்திக் கதைக்க வேண்டும். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, "நீங்கள் கதைக்காமல் ஓட்டுங்கோ" என்றார்.

கூரை ஒழுக்குக்கு ஒட்டுகிற தார்ப்பட்டி வாங்கித் தரை முழுக்க ஒட்டினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. மலிவு. செய்யுங்கோ.

2024 ஏப்ரல் 17

ஜனவரி 28 இல் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். தார்ப்பட்டி ஒட்டாதீர்கள்.

போன மாதம் ஒரு நாள் காரைக் கோயில் வாசலில் மூன்று மணித்தியாலம் வெயிலில் விட்டேன். கதவைத் திறந்தால் புதிதாகப் போட்ட றோட்டு மணம். சில்லு வளைவில் ஒட்டியிருந்த பட்டி இளகி ஒரு அங்குலம் கீழே வழுகி நிற்கிறது. வடை ரின்னுக்குள் மணம் போகவில்லை, ஆனால் ஒரு கடைக்காரர் மூடியைத் திறந்து மூக்கைச் சுளித்தார். போதும்.

கழற்றிய கதையைக் கேட்டால் அழுவீர்கள். மண்ணெண்ணெய், சுரண்டு தகடு, மூன்று பின்னேரம். மண்ணெண்ணெய் மணம் போக இன்னும் இரண்டு கிழமை. அதை மோந்து பார்த்த அப்பா, "தொண்ணூறுகளில் எங்கட கார் எல்லாம் இப்பிடித்தான் மணந்தது" என்று பழைய கதையைத் தொடங்கினார். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய பொருளாதாரத் தடைக்காலம். அந்தக் கதை இரவுச் சாப்பாடு வரை போனது.

இப்போது கார்ச் சத்தத்துக்கென்றே வருகிற பியூட்டில் தகடு போட்டிருக்கிறேன், மேலே வெள்ளித்தாள் உள்ளது. விலை கூட, ஆனால் முழுக்க ஒட்டத் தேவையில்லை. தகரத்தின் நடுப்பகுதியில் கால்வாசி முதல் மூன்றில் ஒன்று வரை மூடினால் அதிர்வு நின்றுவிடும். முழுக்க ஒட்டுவது காசைத் தரையில் ஒட்டுவது. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கோ: "டங்" என்று நீளமாகக் கேட்கிற இடத்தில் ஒட்டு, "டொக்" என்று செத்துப்போகிற இடத்தை விடு. ஒட்டியபின் சோடாப் போத்தலை உருட்டி அழுத்தினேன்.

2024 ஏப்ரல் 21

பலகை. கேட்டவர் சாவகச்சேரி அண்ணை, தச்சுத் தெரிந்தவர், அதனால் பயத்தோடு எழுதுகிறேன்.

குளிர்ப்பெட்டி வந்த மட்டையை முதலில் வெட்டி அச்சு எடுத்தேன். மட்டை எட்டாத மூலைகளுக்குப் பழைய பேப்பரை மடித்து ரேப் ஒட்டினேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று நினைத்து ஒரு பக்க அச்சைத் திருப்பி மறுபக்கத்துக்கு வைக்காதீர்கள். என் காரில் இடது சில்லு வளைவுக்கும் வலதுக்கும் விரல்கடை வித்தியாசம். எப்போதோ பின்னால் வாங்கிய அடியாக இருக்கலாம்.

முதலில் 12 மில்லிமீற்றர் பிளைவூட். பிறகு 9 மில்லிமீற்றருக்கு மாறி அடியில் இரண்டு சட்டம் கொடுத்தேன். எட்டடிக்கு நாலடி 12 மில்லிமீற்றர் பலகை இருபது கிலோவுக்கு மேல் வரும், கையாலே தெரியும். தண்ணீர் தாங்கும் மரைன் பலகை என்று கேட்டு வாங்கினாலும் வெட்டிய விளிம்பு வழியாகத் தண்ணீர் குடிக்கும். விளிம்புக்கு மூன்று தரம் வார்னிஷ். முகத்துக்கு ஒருதரம் போதும்.

ஒரே பலகையாகப் போடாமல் மூன்று துண்டாகப் போட்டேன். நடுத்துண்டு பெற்றோல் மூடிக்கு நேர் மேலே. விரலை விட்டுத் தூக்க ஓட்டை ஒன்று.

2024 ஏப்ரல் 21, இரவு

சீற்றைக் கழற்றினால் கார் இலேசாகும், பெற்றோல் மிச்சம் என்று எழுதியவருக்கு: மெத்தையும் முதுகும் சேர்த்துத் தராசில் 16 கிலோ. பலகை, சட்டம், தடுப்பு, பியூட்டில், றப்பர் விரிப்பு எல்லாம் 19 கிலோ. கணக்கை நீங்களே பாருங்கோ.

2024 மே 12

றெக்சின் வேலை. பக்கச் சுவர்களையும் தடுப்பையும் நகரத்தில் ஒரு குஷன் கடையில் கொடுத்தேன். தையல் வலு வடிவு, பைப்பிங் நேராகப் போயிருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் பலகையின் பின்பக்கம் அடித்தது சாதாரண இரும்பு ஸ்ரேப்பிள். எங்கள் பக்கம் காற்றே உப்பு. இரண்டு மாதத்தில் ஒவ்வொரு ஊசிக்குக் கீழும் கபிலக் கண்ணீர். மடித்த இடத்தில் றெக்சின் தானாகவே கிழிந்தது.

பிழை என்னுடையதும்தான். "என்ன ஊசி அடிப்பீர்கள்" என்று நான் கேட்கவில்லை, நிறத்தைப் பற்றி மட்டும் ஒரு மணித்தியாலம் கதைத்தேன். இப்போது துருப்பிடிக்காத ஊசியை நானே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்து அடிப்பித்திருக்கிறேன்.

கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகுதான் சேர்த்து அழுத்த வேண்டும். ஈரத்தோடு சேர்த்தால் உள்ளே ஆவி அடைபட்டு வெயிலில் கொப்பளிக்கும். என்னுடைய வலது பக்கச் சுவரைப் பார்த்தால் அம்மை போட்ட பிள்ளை மாதிரி இருக்கும். படம் போட மாட்டேன்.

2024 மே 13

கிளிப் கேட்டவருக்கு: முப்பது வருடப் பிளாஸ்ரிக் கிளிப்பை இழுத்தால் தலை கையில், வால் தகரத்துக்குள். அகப்பைக் காம்பைத் துணியில் சுற்றி நெம்பினால் பெயின்ற் கீறாது. மனைவிக்குத் தெரியாமல் எடுங்கோ. புதுக் கிளிப்பைச் சுடுதண்ணீரில் போட்டெடுத்துக் குத்தினால் வெடிக்காது.

2024 ஜூன் 9

கட்டுவது. இதை முதலே எழுதியிருக்க வேண்டும்.

நீர்வேலிச் சந்தியில் நாய் குறுக்கே பாய்ந்தது. பிரேக் அடித்தேன். ஒரு ரின் எழும்பி வந்து என் தோளில் இடித்து முன்கண்ணாடியில் பட்டு உடைந்தது. வடை ரின் என்றதால் தோள் மிஞ்சியது, பூச்சாடியென்றால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். மானிப்பாய்த் தம்பி கவனிக்கவும். நாய்க்கு ஒன்றும் இல்லை, வடை சாப்பிட்டது.

பின் சீற் பெல்ற் பூட்டியிருந்த ஓட்டைகள்தான் கட்டுவதற்கு நல்ல இடம். அந்த இடத்தில் தகரத்துக்குப் பின்னால் பலமான நட் பற்றவைத்திருக்கும். வளையம் வைத்த போல்ற் பூட்டினால் கயிறு கட்டலாம். ஆனால் ஜப்பான் காரில் எல்லாம் மில்லிமீற்றர் என்று நம்பி 10 மில்லிமீற்றர் போல்ற் வாங்கினேன். உள்ளே போய்ச் சும்மா சுற்றியது. 12 போகவே இல்லை. கராஜில் நின்ற பையன் "அண்ணை, அடிச்சு ஏத்துவமா?" என்றான். நல்லகாலம் விடவில்லை. சீற் பெல்ற் போல்ற் மட்டும் அங்குல அளவு: பதினாறில் ஏழு அங்குலம், அங்குலத்துக்கு இருபது புரி, யூஎன்எஃப் என்கிற நுண்புரி. உலகம் முழுக்கப் பெரும்பாலான கார்களில் இதுதான்.

கடையில் கிடைக்கவில்லை. கிடைத்தது எங்கே என்றால், மாமாவின் கொட்டிலில் மொறிஸ் மைனர் கழிவுப் போல்ற் போட்டு வைத்த ஹோர்லிக்ஸ் போத்தலில். அந்தக் காரில் புரி பெரும்பாலும் யூஎன்எஃப். மாமா ஒவ்வொன்றாக எண்ணித் தந்தார், நாலு. திருப்பித் தரவேண்டுமாம்.

கட்டாத மற்ற ஓட்டைகளைத் திறந்து விடாதீர்கள். வாஷரும் சீலரும் போட்டு அடையுங்கோ, மழையில் சில்லு அடிக்கிற தண்ணீர் அதன் வழியாகத்தான் மேலே வரும்.

2024 ஜூன் 10

பத்திரம் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. என் பதிவுப் புத்தகத்தில் மோட்டார் கார் என்றுதான் இருக்கிறது, எத்தனை இருக்கை என்றும் இருக்கிறது. ஆட்களும் சாமானும் ஏற்றுகிற இரட்டைப் பாவனை வாகனம் வேறு வகுப்பு. நிரந்தரமாகவே சாமான் வண்டியாக்கப் போகிறவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் கேட்டுவிட்டுச் செய்யட்டும். காப்புறுதிக்காரருக்குச் சொல்லாமல் விட்டால் மோதுகிற அன்று அவர்கள் கண்டுபிடிப்பார்கள். நான் சீற் திரும்பப் பூட்டுகிற மாதிரித்தான் எல்லாவற்றையும் செய்திருக்கிறேன் என்று சொல்லி எழுத்தில் கொடுத்தேன்.

அப்படிச் செய்திருக்கிறேனா என்பது சீற்றைத் திரும்பப் பூட்டுகிற அன்றுதான் தெரியும்.

2024 ஓகஸ்ட் 25

அம்மா சந்நிதி முருகன் கோயிலுக்குப் போகவேண்டும் என்றார். தொண்டைமானாறு எங்களுக்குக் கிட்டத்தான். ஆனால் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, ஓட்டோவில் ஏறினால் இடுப்பு நோகும். முன்சீற்றில் மனைவி இருக்கலாம், அம்மா எங்கே? மகன் பிளாஸ்ரிக் கதிரையைப் பின்னால் வைத்துக் காட்டினான். அம்மா சிரிக்கவில்லை. "இந்தக் காரில நான் உன்ர கலியாணம் முடிஞ்ச காலத்தில இருந்து பின்னாலதான் இருந்தனான், இப்ப வடைக்குத்தான் இடம்" என்றார்.

பலகை மூன்றையும் தூக்கினேன். தடுப்பைக் கழற்றினேன். வளையப் போல்ற்றை எடுத்துச் சீற் பெல்ற்றைப் பூட்டினேன். ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும். இதுவரை இந்தக் காரில் நான் செய்த வேலையில் உருப்படியானது இது ஒன்றுதான். பிறகு சீற்றை எடுக்கக் கொட்டிலுக்குப் போனேன்.

கிடுகு போட்ட கொட்டிலில், சுவரில் சாய்த்து, மேலே சாக்கு மூடி வைத்திருந்தேன். சாக்கைத் தூக்கினால் மெத்தையின் மூலையில் கைமுட்டி அளவு குழி. உள்ளே ஸ்பொஞ்சைத் தூளாக்கி அணில் கூடு. மூன்று குஞ்சு, கண் திறக்கவில்லை.

அன்று அம்மா முன்சீற்றில், மனைவி வீட்டில். அன்னதானச் சோறு வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்தோம்.

2024 ஓகஸ்ட் 26

அணிலை என்ன செய்தாய் என்று ஆறு பேர் கேட்டிருக்கிறீர்கள். றெக்சினைப் பற்றி இத்தனை பேர் கேட்கவில்லை. ஒன்றும் செய்யவில்லை, குஞ்சுகள் போகும்வரை சாக்கை மூடிவிட்டேன்.

2024 ஒக்டோபர் 6

எறும்பு. சணல் விரிப்பை நான் ஏப்ரலில் முழுக்க எடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தால் அது பொய், சில்லு வளைவின் பின்னால் கொஞ்சம் விட்டிருந்தேன். வடை எண்ணெய் அதில் ஊறிச் சிவப்பெறும்பு குடியேறிவிட்டது. நெல்லியடியில் ஏறினால் கோப்பாயில் கடிக்கத் தொடங்கும். இப்போது சணல் ஒரு முழம்கூட இல்லை. தண்ணீர் குடிக்காத மூடிய குமிழ் ஸ்பொஞ்சும் மேலே றப்பர் விரிப்பும்தான். வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். எங்கள் கிணறு உவர் என்பதால் கடைசி வாளி மட்டும் பக்கத்து வீட்டு நல்ல தண்ணீர்.

2024 நவம்பர் 30

வெள்ளம் எல்லாரையும் பார்த்துவிட்டுப் போயிருக்கும். காருக்குள் மூன்று விரல் தண்ணீர். பின்கண்ணாடி றப்பர்தான் காரணம், மாற்ற வேண்டும்.

2024 டிசம்பர் 8

பின்கண்ணாடி றப்பர் இல்லை. மாற்றிய பிறகும் ஒழுகியது, காசு போனது.

மகன் உள்ளே டோர்ச்சோடு குந்தியிருக்க நான் வாளியால் கதவுக்கு ஊற்றினேன். ஜன்னல் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது வழக்கம்தான். அது கதவின் அடி ஓட்டையால் வெளியே போகவேண்டும். கதவுத் தகரத்துக்கும் உள்மூடிக்கும் நடுவில் ஒரு பொலித்தீன் தாள் இருக்கும், தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்க. அதைக் கிழித்தது யார்? புது றெக்சினைக் கதவுக்கும் போடுகிற அவசரத்தில் நானேதான். "இது என்ன குப்பை" என்று சுருட்டி எறிந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தடித்த பொலித்தீன் வெட்டிப் பியூட்டில் நாடாவால் ஓரம் முழுக்க ஒட்டினேன், கீழ்விளிம்பைக் கதவுக்கு உள்பக்கமாகச் செருகி. மறுபடி வாளி. மகன் "ஒண்டும் இல்லை" என்றான்.

2025 பெப்ரவரி 16

இறக்குமதியைத் திரும்ப விட்டிருக்கிறார்கள், இனி வான் வாங்குவீரா என்று கேட்டவருக்கு: வரி என்ன என்று பார்த்துவிட்டுத்தானே கேட்கிறீர்கள்?

மெத்தையின் குழியை வெட்டியெடுத்துப் புது ஸ்பொஞ்ச் துண்டு வைத்து அதே குஷன் கடையில் மேல்துணி தைப்பித்தேன். இப்போது கொட்டிலில் இல்லை, மகளின் அறையில் கட்டிலுக்கு அடியில். மகள் மாசியில் கலியாணம் முடித்துப் போய்விட்டாள், அறை சும்மாதான் கிடக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் சீற் காரில், மற்ற நாள் பலகை. செவ்வாயில் அம்மா கோயிலுக்கு.

தம்பி, பூக்கன்று என்ன ஆனது? ஒரு வருடமாகச் சத்தமே இல்லை. மாமா போல்ற் நாலையும் கேட்கிறார், உங்களுக்குத் தருவதாகச் சொன்னதை நான் மறந்துவிடுகிறேன்.